வேலை பாதியில் நிறுத்தப்பட்டால் சங்கத்தார் செய்யத்தக்கது யாது?

(தொழிலாளர் கண்டிராக்டு சங்கங்களின் அங்கத்தினர்களுக்காக நடைபெற்ற போதனை வகுப்பில் ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டர் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்றைய தினம் பேசும்படி எனக்கு முதலில் குறித்தனுப்பப்பட்ட விஷயம் சிக்கனமும் சேமிப்பும் என்பதாகும். அதைப்பற்றி நீங்கள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறீர்கள்; நானும் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். ஆகையால் மேலதிகாரியவர்களின் அனுமதி பெற்று வேறொரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். சம்பாதித்த பணத்தைச் சேமிப்பது பின்னால் வருவது. செய்த வேலைக்குரிய பணம் கைக்கு வந்து சேருவதே முதலில் வேண்டுவது. வேலை கொடுத்தவர் பாதியில் "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்லிவிட்டால் அந்தப் பணம் என்னவாகிறது என்பதே நான் பேசப் புகுந்த பொருள்.

நான் பார்வையிட்டுவரும் சரகத்தில் கொத்தனார்களும் சிற்றாட்களுமாக 31 பேர் அங்கத்தினராயுள்ள ஒரு சங்கம் இருக்கிறது. ஊரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஒரு மண்டி வியாபாரி தமது கிட்டங்கியையும் அதன் சுற்றுச் சுவரையும் கட்டித்தரும்படி ரூ.7,50,000-க்கு அச்சங்கத்தாரிடம் வேலையை ஒப்புவித்தார். ஒரே தாளில் உடன்படிக்கை எழுதி இரு தரப்பாரும் கையொப்பமிட்டனர். அஸ்திவாரம் முடிந்து, சுவர் இடுப்பளவு எழும்பியிருந்த சமயத்தில், ஒரு நாள் அந்தியில் ஷை வியாபாரி டெலிபோனில் கூப்பிட்டு, "நாளை முதல் ஆட்கள் வரவேண்டாம்" என்றார். காரணம் சொல்லவில்லை. சங்கத் தலைவரோ மானமுள்ள மனிதர். வேண்டாமென்று சொன்னவர் வாசலில் நிற்கலாகாது என்று கருதி, மறுநாள் பொழுது விடியுமுன் சாரக் கம்புகளையும் கலவைச் சட்டிகளையும் வண்டியிலேற்றிக்கொண்டு வந்துவிட்டார். மூன்றாம் நாள் வேறொரு மேஸ்திரியின் ஆட்கள் அதே சுவரின் மீது செங்கல் வைத்தார்கள். ஒரு மாதத்தில் பூச்சு முடிந்து வெள்ளையும் அடித்தாயிற்று.

இனி அந்தச் சுவரில் நம்மவர்கள் கட்டியது எவ்வளவு, பின்வந்தவர்கள் கட்டியது எவ்வளவு என்று எவரால் சொல்ல முடியும்? ரூ.2,90,000 பெறுமான வேலை செய்ததாகச் சங்கத்தார் சொன்னார்கள். ரூ.1,80,000-க்குமேல் ஒரு காசும் பெறாது என்றார் வியாபாரி. அவர் முன்னமே கொடுத்திருந்தது ரூ.1,50,000. தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, கையில் காசில்லாத நிலையில், பொக்கிஷதார் அவர் கடைக்குப் போய் ரூ.30,000 பெற்றுக்கொண்டு, அவர் எழுதி நீட்டிய ரசீதில் கையொப்பமிட்டு வந்தார். "கணக்கு முழுவதும் பைசலாயிற்று" என்பது அந்த ரசீதின் வாசகம். சங்கத்தார் கணக்குப்படி இன்னும் வரவேண்டியிருந்த ரூ.1,10,000 அந்த ஒரு வரியில் போயிற்று. 31 பேருக்குப் பங்கிட்டுப் பார்த்தால் தலைக்கு ரூ.3,500-க்குச் சற்று அதிகம். கூலியை நம்பி உலை வைக்கும் வீட்டில் அது எத்தனை நாள் அரிசி என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அச்சங்கத்தின் மினிட் புஸ்தகத்தையும் ரொக்கப் புஸ்தகத்தையும் நான்கு வருஷ காலம் பார்வையிட்டுக் கையெழுத்திட்டவன் நானே. செய்த வேலையை அவ்வப்போது அளந்தெழுதும் புஸ்தகம் ஒன்று உண்டா என்று ஒரு தடவையேனும் நான் கேட்டேனில்லை. ஆகையால் அவர்கள்மீது குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நான் வக்கீலுமல்லன், பள்ளியிறுதிப் பரீட்சையோடு நின்றவன். எனினும் அந்த நஷ்டத்துக்குப் பின்னர் 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தை வாங்கிப் படித்தேன். தெரியாத இடங்களைத் தாலுகா தலைமையிடத்திலுள்ள வக்கீல்களிடம் கேட்டறிந்தேன். அவ்வாறு அறிந்ததையே உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவதாக, நிறுத்து என்ற சொல் ஒன்றாயினும் அதன் பொருள் மூவகைப்படும். உடன்படிக்கையிலேயே, வேலை கொடுப்பவர் எப்போது வேண்டுமானாலும் இத்தனை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து இருந்தால், அதன்படி நிறுத்துவது ஒரு வகை. அப்பொழுது அவர் செய்தது குற்றமன்று. செய்து முடித்த வேலைக்கும், அந்த ஷரத்தில் கண்ட மற்றவற்றுக்கும் பணம் கேட்கலாமேயன்றி, செய்யாத வேலையின் லாபத்தைக் கேட்பது கடினம். சர்க்கார் டெண்டர் பாரங்களில் இத்தகைய ஷரத்து சாதாரணமாய்க் காணப்படும். அதைப் படியாமல் கையொப்பமிடுகிறவர்கள் பலர்.

இரண்டாவது வகை, "நீங்கள் தாமதம் செய்தீர்கள், வேலை சரியில்லை" என்று நம்மீது குற்றஞ்சாட்டி நிறுத்துவது. மூன்றாவது, மேற்சொன்ன மண்டி வியாபாரியைப்போல, குறைந்த விலைக்கு வேறு ஆள் கிடைத்ததனாலோ மனம் மாறினதனாலோ காரணமின்றி நிறுத்துவது. இம்மூன்றாவது வகையில் சட்டம் நம் பக்கம் தெளிவாயிருக்கிறது. ஒரு கட்சியார் தமது பங்கை அடியோடு நிறைவேற்ற மறுத்தால் மற்றக் கட்சியார் ஒப்பந்தம் முடிந்ததாகக் கொள்ளலாம் என்று 39-வது பிரிவு கூறுகிறது. அதனால் நேர்ந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்கலாம் என்று 73-வது பிரிவு கூறுகிறது. வேலையை நம்மிடமே திரும்பக் கொடுக்கும்படி கோர்ட்டார் உத்தரவிடுவார்களா என்று ஒரு காரியதரிசி என்னைக் கேட்டார். கட்டட வேலையில் அது அபூர்வம். மனமில்லாதவர் மனையில் நின்று வேலை செய்ய வழி தேடுவதைவிட, பணத்தைக் கேட்பதே நமக்குரிய வழி.

இரண்டாவது வகையைப்பற்றிச் சற்று விரிவாய்ச் சொல்லவேண்டும். ஏனெனில் காரணமின்றி நிறுத்துகிறவர்களும் பின்னால் வக்கீலைக் கண்டபிறகு தாமதம் என்ற காரணத்தையே கண்டுபிடிக்கிறார்கள். கெடு தப்பிவிட்டதென்ற ஒன்றினாலேயே ஒப்பந்தத்தை முறிக்க எப்பொழுதும் உரிமை உண்டாவதில்லை. அந்தக் கெடுவே ஒப்பந்தத்தின் உயிர்நிலை என்று இரு தரப்பாரும் கருதியிருந்தால்தான் முறிக்கலாம்; இல்லாவிட்டால் தாமதத்தால் நேர்ந்த நஷ்டத்தை மாத்திரம் கேட்கலாம் என்பது 55-வது பிரிவின் சாரம். நாசிக் பக்கத்தில் ஒரு கால்வாயை ஆற்றின்மேல் கொண்டுசெல்லும் தொட்டிப்பாலம் கட்டும் வேலை 1955-ம் வருஷத்தில் 12 மாதக் கெடுவுடன் கொடுக்கப்பட்டது. கெடு தப்பியதென்று சர்க்கார் ஒப்பந்தத்தை முறித்தார்கள். அந்த உடன்படிக்கையிலேயே கெடுவை நீட்டிக்கவும் தாமதத்துக்கு அபராதம் போடவும் ஷரத்துக்கள் இருந்தன; அவ்வாறிருக்கக் கெடுவே உயிர்நிலை என்று சொல்ல இடமில்லை என்று சுப்ரீம் கோர்ட்டார் 1979-ல் தீர்ப்புச் செய்தனர். கெடு தப்பின பிறகும் வேலையை வாங்கிக்கொண்டும் பில் பணம் கொடுத்துக்கொண்டும் இருந்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் பழைய கெடுவைக் காட்டி வெளியேற்றுவது செல்லாது. புதிதாய் நியாயமான ஒரு கெடு வைத்து நோட்டீசு கொடுத்திருக்க வேண்டும்.

தாமதத்துக்குக் காரணம் அவர்களேயானால் அதையும் சொல்லவேண்டும். மனையைக் காலி செய்து கொடாமை, அவர்கள் தருவதாகச் சொன்ன சிமிட்டியை உரிய காலத்தில் தராமை, வரைபடத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தமை ஆகிய இவற்றால் வேலை நின்றிருந்தால், வசதி செய்துகொடாதவர் மற்றவர்மீது குறை சொல்ல முடியாதென்பதற்கு 67-வது பிரிவு இருக்கிறது. ஆனால் சிமிட்டி வராத அன்றைய தினமே அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்கியிருக்கவேண்டும். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதும் தேதிகளை எவரும் நம்பமாட்டார்கள்.

குற்றம் யாருடையது என்பதைக் குற்றஞ்சாட்டுகிறவரே தீர்மானிக்கலாகாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். கர்நாடகத்தில் ஓர் அரிசி மில்லுக்கும் சர்க்காருக்கும் நடந்த வழக்கில், ஒப்பந்தம் மீறப்பட்டதா என்பதிலேயே தகராறு இருக்கும்போது ஒரு கட்சியாரான சர்க்காரின் உத்தியோகஸ்தரே நீதிபதியாகி நஷ்டத்தை விதிக்க முடியாதென்று 1987-ல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னார்கள். ஓவர்சியர் அல்லது இஞ்சினீயர் எழுதியனுப்பிய ஒரு கடிதத்தைக் கண்டவுடனே எல்லாம் முடிந்துவிட்டதென்று கை நழுவ விடவேண்டாம்.

இனி, நிறுத்தச் சொன்ன அன்றும் மறுநாளும் செய்யவேண்டியதற்கு வருகிறேன். இதை மாத்திரம் நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

வாய்ச்சொல்லில் நிறுத்தச் சொன்னால் வேலையை நிறுத்திவிட்டு, அன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். "இன்ன தேதி இத்தனை மணிக்கு இன்னார் மூலமாய் வேலையை நிறுத்தும்படி தாங்கள் தெரிவித்தீர்கள், நாங்கள் வேலையைத் தொடர்ந்து செய்யச் சித்தமாயிருக்கிறோம், நிறுத்துவது தங்கள் உத்தரவின்படியே, இதுவரை செய்த வேலையை இரு தரப்பாரும் சேர்ந்து அளக்கும்பொருட்டு நாளை மறுதினம் காலை 8 மணிக்குத் தாங்களாவது தங்கள் ஆளாவது வரவேண்டும்" என்று எழுதினால் போதும். அலங்காரம் வேண்டாம், கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படியான தபாலில் அனுப்பி, ரசீதைக் கடிதத்தின் நகலோடு குத்தி வையுங்கள். நிறுத்தச் சொன்ன பிறகும் வீம்புக்காக வேலையைச் செய்துகொண்டே போகலாகாது. அவ்வாறு ஏற்றிய செலவைப் பின்னால் கேட்க முடியாமற்போகும். இதற்கு மாறாக, நாங்களாகவே விட்டுவிட்டு ஓடினோம் என்று அவர்கள் சொல்ல இடங்கொடுப்பதும் கூடாது. நமது மானமுள்ள தலைவர் விடியுமுன் வண்டி கட்டியதனால் நேர்ந்தது அதுவே. கைவிட்டுப் போனவர்கள் என்று வியாபாரி அவர்களைப்பற்றி ஊரெல்லாம் சொன்னார். நிறுத்தச் சொன்னதற்கோ ஒரு காகிதமும் இல்லை.

பிறகு அளவு. அவர்கள் வந்தால் சேர்ந்து அளந்து, அளவுப் புஸ்தகத்தில் இரு தரப்பாரும் கையொப்பமிடலாம். வராவிட்டால் குறித்த நேரத்தில் ஊரில் மதிப்புள்ள இருவரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு நீங்களே அளந்துவிடுங்கள். முடியுமானால் கட்டட வேலை படித்த ஒரு இஞ்சினீயருக்குக் கூலி கொடுத்தாவது அளவெடுக்கச் செய்யுங்கள்; அந்தச் செலவு வீணாகாது. அஸ்திவாரத்தின் நீளம், அகலம், ஆழம். சுவரின் நீளம், கனம், உயரம். கம்பி கட்டியது எத்தனை, கான்கிரீட்டு போட்டது எவ்வளவு. மனையில் கிடக்கும் செங்கல், ஜல்லி, மணல், சிமிட்டி மூட்டை ஆகியவற்றின் தொகை. இவையெல்லாம் தனித்தனியே எழுதப்படவேண்டும். மண்ணுக்குள் மறைந்துபோகும் அஸ்திவாரத்தை அது மூடப்படுமுன்பே அளந்து எழுதியிருப்பது உத்தமம். சுவருக்கருகில் அளவுகோலை நிறுத்திப் போட்டோ எடுத்து வையுங்கள். இக்காலத்தில் டெலிபோனிலேயே படம் எடுக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அத்தகைய படத்தைக் கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது 2023-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டப்படி ஒரு சான்றிதழும் கூட வைக்கவேண்டியிருப்பதால், எடுத்த டெலிபோனையும் படத்தையும் அழிக்காமல் பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் சொந்தச் சாமான்களை ஜாபிதா எழுதி எடுத்து வரலாம். கட்டிய சுவரை இடிக்கவோ, மனையின் கதவைப் பூட்டவோ கூடாது. அது நம்மைக் குற்றவாளியாக்கும். பணம் வரும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை தச்சு, தறி முதலிய தொழில்களில் வேறு விதம். பிறர் கொடுத்த மரத்திலோ நூலிலோ உழைப்பைச் செலுத்தி உருவாக்கிய பொருள் நம் கையிலிருந்தால், வேறு ஏற்பாடு இல்லாதவரை, கூலி வரும்வரை அதைக் கொடாதிருக்க 170-வது பிரிவு இடங்கொடுக்கிறது. பிறர் மனையில் எழுந்த சுவருக்கு இது பொருந்தாது.

அளவு கையில் வந்த பிறகு கணக்கு எளிது. சென்ற வருஷம் வேறொரு சங்கத்தார் இவ்வாறே செய்தார்கள். அவர்கள் எடுத்த வேலை ரூ.9,00,000. நிறுத்திய அன்று அளவின்படி முடிந்த வேலை ரூ.3,60,000, அதற்குமுன் பெற்றது ரூ.2,50,000, ஆகவே வேலைக்கு வரவேண்டியது ரூ.1,10,000. மனையில் அவர்கள் இறக்கி வைத்து, வேலை கொடுத்தவர் தம்மிடமே நிறுத்திக்கொண்ட செங்கலும் ஜல்லியும் ரூ.48,000. ஜாமீன் டிபாசிட் ரூ.20,000. இம்மூன்றும் சேர்ந்து ரூ.1,78,000. மிச்சமிருந்த வேலை ரூ.5,40,000, ஆரம்பத்தில் போட்ட மதிப்பீட்டில் நூற்றுக்குப் பத்து லாபம் கண்டிருந்ததால் அதன் லாபம் ரூ.54,000. 12 ஆட்கள் வேறு வேலை கிடைக்கும்வரை ஆறு நாள் சும்மா இருந்ததற்குச் சங்கம் கொடுத்த கூலி, ஆளுக்கு நாளொன்றுக்கு ரூ.700 வீதம் ரூ.50,400. ஆக மொத்தம் ரூ.2,82,400.

செய்யாத வேலைக்கு லாபமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். குஜராத்தில் ஒரு சாலை வேலையைச் சர்க்கார் தவறாக முறித்த வழக்கில், மிச்ச வேலையின் மதிப்பில் நூற்றுக்கு 15 வீதம் எதிர்பார்த்த லாபமாகக் கொடுக்கும்படி 1984-ல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்புச் செய்திருக்கிறார்கள். ஆயினும் எல்லோருக்கும் அதே வீதம் கிடைக்குமென்று எண்ணிக் கனாக் காணவேண்டாம். முறித்தது தவறு என்று முதலில் நிலைநாட்டவேண்டும். நமது மதிப்பீட்டுத் தாளும் இருக்கவேண்டும். மேற்படி சங்கத்தார் அதைப் பத்திரமாய் வைத்திருந்தார்கள்.

ஆறு நாள் கூலி மாத்திரம் ஏன் கேட்டார்கள்? ஏழாம் நாள் அவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சுவர் வேலை கிடைத்தது. நஷ்டத்தைக் குறைத்துக்கொள்ள நமக்கு எந்த வழி இருந்ததோ அதையும் கணக்கில் எடுக்கவேண்டுமென்று 73-வது பிரிவின் விளக்கமே சொல்கிறது. வழக்குத் தொகை வளரட்டும் என்று மூன்று மாதம் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அந்த மூன்று மாதக் கூலி கிடைக்காது, வேலையும் போய்விடும். அவர்கள் வேறு வேலைக்குப் போனது வழக்கைக் கெடுத்துவிடுமோ என்று பயந்து என்னிடம் வந்தார்கள். கெடுக்காது, அதுவே நியாயமான நடத்தை என்று சொல்லியனுப்பினேன்.

டிபாசிட்டைப்பற்றி ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தை முறித்த அன்றே ஜாமீன் பணத்தையும் விழுங்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. 1947-ம் வருஷத்தில் லட்சுமணபுரியிலிருந்த ராணுவத் தலைமையிடத்துக்கு உருளைக்கிழங்கும், கோழியும் முட்டையும் மீனும் கொடுக்க ஒருவர் இரண்டு ஒப்பந்தங்கள் எடுத்து, ரூ.10,000-மும் ரூ.8,500-மும் டிபாசிட் கட்டினார். அவர் ஒழுங்காய்ச் சரக்குக் கொடுக்கவில்லையென்று சர்க்கார் ஒப்பந்தங்களை முறித்து, டிபாசிட்டையும் பறிமுதல் செய்தார்கள். வழக்கு 1969-ல் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தது. முறித்தது சரியாயிருந்தபோதிலும், தங்களுக்கு உண்மையில் நஷ்டம் நேர்ந்ததென்று சர்க்கார் ருசுச் செய்யவில்லையாகையால், ரூ.18,500-ஐயும் வட்டியுடன் திருப்பிக் கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. தவறு செய்த கண்டிராக்டருக்கே இந்தப் பாதுகாப்பு இருக்குமாயின், தவறு செய்யாத நமது சங்கங்கள் டிபாசிட்டைக் கேளாமல் விடுவது பெரும் பிசகு. அபராதம் என்று எவ்வளவு பெரிய தொகையை உடன்படிக்கையில் எழுதியிருந்தாலும், அத்தொகைக்கு மேற்படாமல் நியாயமான ஈடு மாத்திரமே கிடைக்கும் என்பது 74-வது பிரிவு.

எழுத்தே இல்லாமல் வேலை எடுக்கும் சங்கங்களும் இருக்கின்றன. இந்த மண்டபத்திலேயே இருக்கின்றன. எழுத்தில்லாவிட்டால் எல்லாம் போய்விட்டதென்று எண்ணவேண்டாம். வங்காளத்தில் ஆராம்பாக் என்னுமிடத்தில் 1944-ல் சிவில் சப்ளை இலாகாவினருக்காக ஒரு கம்பெனியார் தானியக் கொட்டகைகள் முதலியவற்றைக் கட்டிக் கொடுத்தார்கள். சட்டப்படியான முறையில் ஒப்பந்தம் எழுதப்படவில்லையென்று சொல்லிச் சர்க்கார் பணம் கொடுக்க மறுத்தார்கள். இனாமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பலனை மற்றொருவர் ஏற்று அனுபவித்தால் அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்ற 70-வது பிரிவைக் கொண்டு, பணம் கொடுக்கவேண்டியதே என்று 1961-ல் சுப்ரீம் கோர்ட்டார் முடிவு செய்தார்கள். ஆனால் இதில் கிடைப்பது செய்த வேலையின் பெறுமானம் மாத்திரமே. எதிர்பார்த்த லாபத்துக்கு இங்கே இடமில்லை. ஒப்பந்தம் எழுதிக்கொள்வதன் பிரயோஜனம் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இப்பொழுது அந்தத் தீபாவளி ரசீதுக்கு மறுபடியும் வருகிறேன். நமக்கு வரவேண்டியதில் ஒரு பகுதியை முழுத் திருப்தியாக ஏற்றுக்கொள்ள 63-வது பிரிவு நமக்கு உரிமை கொடுக்கிறது. அந்த உரிமையை நாம் அறியாமலே பிரயோகித்துவிடுகிறோம் என்பதுதான் விபரீதம். பணத்தை வாங்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் குழந்தைகள் இருக்க, வரும் பணத்தை எவர் தள்ளுவார்? வாங்குங்கள், ஆனால் ரசீதில் "எங்களுக்கு வரவேண்டிய தொகையில் ஒரு பகுதியாக, மீதியைக் கேட்கும் உரிமைக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொண்டோம்" என்று உங்கள் கையால் எழுதிய பிறகே கையொப்பமிடுங்கள். அவ்வாறு எழுதவிடமாட்டேன் என்று அவர் சொன்னால், பணத்தைச் சங்கத்தின் பாங்கிக் கணக்கில் கட்டச் சொல்லிவிட்டு, அன்றே ஒரு கடிதம் எழுதிவிடலாம். நிர்வாக சபையின் தீர்மானம் இல்லாமல் பொக்கிஷதாரோ தலைவரோ தனியாகச் சென்று கணக்கை முடித்துக்கொள்ளலாகாதென்று ஒரு தீர்மானம் செய்து வைத்தல் நலம். முந்திய சங்கத்தின் பொக்கிஷதார் நாணயஸ்தர். அந்த ரசீதினால் ஒரு காசும் அவர் மடிக்குப் போகவில்லை. இன்றைக்கும் அங்கத்தினர் முகத்தைப் பார்த்துப் பேசக் கூசுகிறார். அவரை அந்த நிலையில் தனியே அனுப்பியது சபையாரின் பிழை.

தகராறு முற்றினால் எங்கே போவது? ரிஜிஸ்திராரவர்களே தீர்த்துவைப்பார்கள் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. 1983-ம் வருஷத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90-வது பிரிவு, சங்கத்துக்கும் அங்கத்தினருக்கும், அல்லது ஒரு சங்கத்துக்கும் மற்றொரு சங்கத்துக்கும் உள்ள தகராறுகளுக்கே ஏற்பட்டது. வெளியாளான வியாபாரியின்மீது அங்கே மனுக் கொடுத்தால் மாதங்கள் கழியுமேயன்றிப் பணம் வராது. உடன்படிக்கையில் மத்தியஸ்தர் ஷரத்து இருந்தால் மத்தியஸ்தத்துக்குப் போகவேண்டும். இல்லாவிட்டால் சிவில் கோர்ட்டு. கட்டட ஒப்பந்த வழக்கின் தொகை ரூ.3,00,000-ம் அதற்கு மேலும் ஆனால் அது வர்த்தக வழக்குக்குரிய சட்டத்தின் கீழ் வரும். அவசர உத்தரவு கோராதவரை, வழக்கிடுமுன் சமரசப் பேச்சுக்குப் போகவேண்டியது கட்டாயம். சர்க்கார்மீது வழக்கிடுவதாயிருந்தால் சிவில் நடைமுறைச் சட்டம் 80-வது பிரிவின்படி இரண்டு மாத நோட்டீசு வேண்டும். ஒப்பந்தம் முறிக்கப்பட்ட தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்கிடவேண்டுமென்பது 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம். தருகிறேன், தருகிறேன் என்ற வாய்ச்சொல் அந்த மூன்று வருஷத்தை நீட்டாது. காலம் கடப்பதற்குள் அவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டால்தான் புதிதாய்க் காலம் ஓடத் தொடங்கும். தாலுகா தோறும் உள்ள சட்டப் பணிகள் குழுவினரிடம் போனால் லோக் அதாலத்தில் கோர்ட்டுக் கட்டணமின்றிப் பேசி முடிக்கவும் வழியுண்டு. அங்கே இரு தரப்பாரும் இசைந்து ஏற்பட்ட முடிவு கோர்ட்டு டிக்ரிக்குச் சமானமானது. அதன்மேல் அப்பீல் இல்லையாகையால், ஒப்புக்கொள்ளுமுன் தொகையை நன்றாய்க் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரூ.2,82,400 கேட்ட சங்கத்தின் செய்தியைச் சொல்லி நிறுத்துகிறேன். வக்கீல் நோட்டீசோடு அளவுப் புஸ்தகத்தின் நகலும் போய்ச் சேர்ந்த பதினெட்டாம் நாள், வேலை கொடுத்தவர் தாமாகவே வந்து, வேலைக்கும் சாமானுக்கும் டிபாசிட்டுக்கும் உரிய ரூ.1,78,000-ஐயும் பாங்கியில் கட்டிவிட்டார். அளவில் ஓர் அங்குலமும் அவரால் மறுக்க முடியவில்லை. லாபமும் சும்மா இருந்த நாட்களின் கூலியுமாகிய ரூ.1,04,400-ஐப்பற்றி அவர் இன்னும் ஒப்பவில்லை. லோக் அதாலத்தில் ரூ.40,000 தருவதாகச் சொன்னார். சங்கத்தார் கூடிப் பேசி, வேண்டாமென்று தீர்மானித்து, முன்சீப் கோர்ட்டில் பிராது கொடுத்திருக்கிறார்கள். அந்த நாற்பதினாயிரத்தை வாங்கியிருக்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். அவர்கள் அப்படி நினைக்கவில்லை. பணம் அவர்களுடையது, தீர்மானமும் அவர்களுடையது.

அவர்கள் உபயோகித்த அளவுப் புஸ்தகத்தின் மாதிரித் தாளும், நிறுத்திய அன்று எழுதவேண்டிய கடிதத்தின் நகலும் மேஜைமீது வைக்கப்பட்டிருக்கின்றன. சங்கத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம். இந்த மாதம் முதல் நான் பார்வைக்கு வரும்போது, ரொக்கப் புஸ்தகத்துக்கு முன்னதாக அளவுப் புஸ்தகத்தைக் கேட்பேன்.